டைனமிக் சார்

விஜயபுரம் பக்கம் பள்ளி ஆண்டுவிழாவோ கல்யாண ரிசப்ஷனோ எது நடந்தாலும் மைக் நம்ம சார் கையில்தான் இருக்கும். இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, ஹலோ" சொல்லி, தொண்டையைச் செருமியதும் முதலில் வந்து விழுகிற சொல் டைனமிக். வந்திருக்கும் தாசில்தார் டைனமிக். மேடைக்குக் கீழே நிற்கும் எஸ்.ஐ. டைனமிக். பரிசு வாங்க வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுவும் டைனமிக். ஒருமுறை சாம்பாரைக் கூட அப்படிச் சொன்னார். சாப்பிட்டவர்கள் தண்ணீரைத் தேடியதைப் பார்த்தால் அங்கே மட்டும் சரியாகத்தான் சொன்னார் போலிருக்கிறது.

வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, மேடை ஏறினால் இங்கிலீஷ் என்பது இந்த ஆந்திர-தமிழக எல்லைப் பகுதியில் படித்தவர்களின் பழக்கம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. விஜயபுரம் ஆந்திராவிலேயே நின்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது பக்கத்துப் புத்தூர் அதோடு போய்விட்டது. இத்தனை கோடு போட்டும் அழித்தும் பழகிய ஊரில், தமிழில் புகழ்ந்தால் ஒரு பக்கத்துக்காரர் முறைப்பார், தெலுங்கில் புகழ்ந்தால் இன்னொரு பக்கத்துக்காரர் முறைப்பார் என்பது சாரின் கணக்கு. இங்கிலீஷில் புகழ்ந்தால் யாருக்கும் முழுசாகப் புரியாது, அதனால் சண்டையும் வராது.

பழியை அவர் ஒருவர் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. சுற்றிலும் தெலுங்கு சினிமா. அங்கே அடைமொழி இல்லாமல் ஒரு ஹீரோ தெருவில் நடக்க முடியாது. நானி என்றால் நேச்சுரல் ஸ்டார். ராம் பொதினேனி என்றால் எனர்ஜெட்டிக் ஸ்டார். அல்லு அர்ஜுன் முன்பு ஸ்டைலிஷ் ஸ்டார், பிறகு பிரமோஷன் ஆகி ஐகான் ஸ்டார். மஞ்சு விஷ்ணுவுக்கு வாய்த்ததோ டைனமிக் ஸ்டார். அவர் நடித்த 'கண்ணப்பா' 2025 ஜூனில் வெளியானபோது சாருக்குத் தலைகால் புரியவில்லை. காளஹஸ்தி வேடன் கதை, நம்ம பக்கத்துக் கதை, நம்ம சொல்லைப் பட்டமாக வைத்திருக்கும் ஹீரோ! "கண்ணைத் தோண்டிச் சாமிக்கு அப்பின ஆளை வேற எப்படி நைனா சொல்றது? டைனமிக் பக்தர்!" என்று டீக்கடையில் அடித்துச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் பத்து நிமிஷம் பேசுவார்.

ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுப்பதும் இவர்தான். கட்சி எதுவானாலும் "யங் அண்டு டைனமிக் லீடர்". லீடருக்குப் பேரன் பிறந்த பிறகு யங் மட்டும் மனசில்லாமல் உதிர்கிறது, டைனமிக் நிற்கிறது. கண்ணீர் அஞ்சலி போர்டிலும் நிற்கிறது. கடைசி மூன்று வருஷம் கட்டிலை விட்டு இறங்காத பாட்டியம்மா ஒருவர், ஏகாம்பரகுப்பம் ரோட்டில், ரோஜா மாலை போட்ட படத்தோடு டைனமிக் மதராக நின்றார். மகன்கள் காசு கொடுத்தாயிற்று, என்ன செய்வது.

வரன் பேசுவதிலும் இதே கதை. "பையன் ரொம்ப டைனமிக்" என்று சார் ஆரம்பித்தாலே, வேலை இன்னும் நிலைக்கவில்லை என்று பெண் வீட்டார் புரிந்துகொள்கிறார்கள்.

நடுவில் கொஞ்ச நாள் கட்சி மாறினார். 2023 பிப்ரவரியில் மத்திய அரசு எல்லைக் கிராமங்களுக்காக 'வைப்ரன்ட் வில்லேஜஸ்' திட்டத்துக்கு 4,800 கோடி ரூபாய் ஒதுக்கியது. பேப்பரில் பார்த்ததும் எல்லாமே வைப்ரன்ட் ஆகிவிட்டது. "நம்மளும் பார்டர் ஊர்தானே?" என்று கிராமச் சச்சிவாலய ஆபீஸில் போய் நின்று மனு எப்படிப் போடுவது என்று கேட்டார். அது லடாக், அருணாசலப் பிரதேசம் மாதிரி வடக்கு எல்லையில் இருக்கிற கிராமங்களுக்கு என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது திருவள்ளூர் மாவட்டம். அங்கிருந்து படையெடுத்து வருவதெல்லாம் திருப்பதி பாதயாத்திரைக்காரர்கள்தான். சார் மறுபடியும் டைனமிக்குக்கே திரும்பிவிட்டார்.

ஆனால் அவர் எழுதிக் கொடுக்கிற பயோடேட்டாவைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிற பையன்கள் இவரிடம்தான் வருகிறார்கள். எல்லாத் தாளிலும் ஒரே முதல் வரி: டைனமிக் அண்டு எனர்ஜெட்டிக் பர்சன். நகரிப் பக்கம் விசைத்தறி வீட்டுப் பையன் ஒருவன். பாவு பிணைப்பான், மோட்டார் காயில் கட்டுவான், நாலு தறி ஓடுகிற இரைச்சலில் எந்தத் தறியில் நாடா சரியாகப் போகவில்லை என்று காதாலேயே சொல்லுவான். இதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. எழுத இடமில்லை, இடமெல்லாம் டைனமிக். இன்டர்வியூவில் "அப்படின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "சார் எழுதினாரு சார்" என்றிருக்கிறான். வேலை கிடைக்கவில்லை. கைத்தொழில் தெரிந்த பையனை ஒன்றும் தெரியாதவனாகக் காட்டுகிற வேலையை ஒருவர் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டுமா?

இதே மனிதர்தான் அரசுச் சேவை மையமான மீசேவா வாசலில் வேறு ஆளாக உட்கார்ந்திருக்கிறார். தெலுங்கு படிக்கத் தெரியாத கிழவர்களுக்கு அடங்கல், 1பி என்று நிலப் பதிவு மனுவெல்லாம் நிரப்பித் தருவார். பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர், எத்தனை சென்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒருதரம் படித்துக் காட்டி, கைநாட்டு வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுப்பார். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். அந்தப் படிவத்தில் பட்டம் போடக் கட்டம் கிடையாது, அவரும் தேடுவதில்லை.

போன கங்கம்மா ஜாத்திரைக்கு ஃப்ளெக்ஸ் வாசகம் அவரிடமே போயிற்று. அம்மன் படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில், 'டைனமிக் காடஸ்'. பூசாரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா சார் இது?" என்றார்.

"பவரு சாமி. ரொம்ப பவரு."

"அது அம்மாவுக்கு இருக்குதே. நீ எதுக்கு எழுதற?"

சார் பதில் சொல்லவில்லை. பிரிண்ட் ஆகிவிட்டதால் அந்த வருஷம் அப்படியே கட்டிவிட்டார்கள்.