சுருளியல்: மாட்டிறைச்சி என்ச்சிலாடாவுக்கு ஐந்து நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் செய்யப் புகுவோன் அது தோன்றிய காரணத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பது மரபு. காரணம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து என்ச்சிலாடாக்களைக் கண்ணாடித் தட்டில் அடுக்கி, சாறு ஊற்றி, சீஸ் தூவி, ஓவனுக்குள் அனுப்பினேன். உள்ளே போனவை பத்து. வெளியே வந்தது ஒன்று. எது அடை, எது கறி என்று தெரியாதபடி எல்லாம் இரண்டறக் கலந்துவிட்டிருந்தன. என் மனைவி கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன, கறி போட்ட உப்புமாவா?" என்று கேட்டாள்.

இதைவிடச் சிறிய கேள்விகளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கிடைத்திருக்கிறது. ஆகவே இந்நூல் எழுந்தது. நுதலிய பொருள்: மக்காச்சோள அடையில் மாட்டிறைச்சியைச் சுருட்டி, மிளகாய்ச் சாற்றில் நனைத்துச் சுடுதல். கேட்டற்கு உரியார்: ஓவனும் பொறுமையும் உடையார். இரண்டில் ஒன்று மட்டும் உடையார் இதழின் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். பயன்: உப்புமா அல்லாத ஒன்றைப் பெறுதல்.

1. சொல்லியல்

பெற்றது மிளகாய் பெயர்எனும் பேறே;
உற்ற இறைச்சிக்கு ஓரெழுத் தில்லை.

உரை: ஸ்பானிய மொழியில் 'என்ச்சிலார்' என்றால் மிளகாய் பூசுதல். அதிலிருந்து பிறந்த 'என்ச்சிலாடா'வை நம் இலக்கணத்தில் வைத்தால், செயப்பாட்டுவினையில் தோன்றிய வினையாலணையும் பெயர்: மிளகாய் பூசப்பட்டவள். அற்றேல், அஃறிணைப் பண்டத்துக்குப் பெண்பால் ஈறு எங்ஙனம் வந்தது எனின், உள்ளே இருக்கும் 'டோர்ட்டியா' என்ற மெல்லிய மக்காச்சோள அடை அம்மொழியில் பெண்பால். அவள் பெயர் தொக்கி நிற்கிறது என்க.

இச்சொல்லைத் தமிழில் எழுதுவதே ஒரு குற்றம். ய, ர, ழ என்னும் மூன்றை அடுத்து மட்டுமே ஈரொற்று மயங்கலாம். 'வாழ்க்கை' சரி, 'பார்ப்பு' சரி, 'என்ச்சி' தவறு. திருத்தி 'என்சி' என்று எழுதினால் வாசகர் அதைப் 'புன்செய்' போலப் படிப்பார்; பண்டம் வேறாகிவிடும். இலக்கணத்துக்கும் நாவுக்கும் வழக்கு வந்தால் சமையல் நூலில் நாவின் பக்கமே தீர்ப்பு.

பெயர் மிளகாய்க்கே உரியது என்பதற்குச் சான்று அவள் உடன்பிறந்தார். தக்காளிச் சாற்றில் தோய்ந்தவள் என்தொமத்தாடா. அவரை விதைக் குழம்பில் தோய்ந்தவள் என்ஃப்ரிஹொலாடா. மோலே என்ற குழம்பில் தோய்ந்தவள் என்மொலாடா. நனைக்கும் சாறு மாறினால் குடிப்பெயரே மாறும். உள்ளே கோழியை எடுத்துவிட்டு மாட்டிறைச்சியை வைத்தாலோ, அதையும் எடுத்துவிட்டு உருளைக்கிழங்கை வைத்தாலோ பெயர் அசையாது. மெக்சிகோ நகரில் 1831இல் அச்சான 'எல் கோசினெரோ மெக்சிகானோ' என்ற சமையல் நூலிலேயே என்ச்சிலாடா உண்டு.

மிளகாய்க்கே பெயரில் ஒரு வழக்கு உண்டு. மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் மிளகாயைக் கண்டார். தேடி வந்ததை விட மனமில்லாமல் ஸ்பானியர் 'பிமியென்டா' என்ற மிளகின் பெயரைச் சற்றே வளைத்துப் 'பிமியென்டோ' ஆக்கினர். போர்ச்சுக்கீசியர் வழியாக அதே காய் நம் கரைக்கு வந்தபோது, மிளகுக்கே ஊரான நாமும் 'மிளகாய்' என்றோம். கடலின் இரு கரையிலும் ஒரே பிழை. மெக்சிகோவின் நவாட்ல் மொழியினர் மட்டும் 'சில்லி' என்று அதற்கே உரிய பெயரால் அழைத்தனர். அவர்கள் மிளகைப் பார்த்ததே இல்லை என்பது அவர்களுடைய நல்லூழ்.

இதனால் பெறப்படுவது: கறியில் செலவிடும் கவலையில் பாதியைச் சாற்றுக்கு மாற்றுக. உலர்ந்த ஆஞ்சோ மிளகாய் நான்கு, குவாஹியோ மிளகாய் நான்கு. காம்பும் விதையும் நீக்கி, சூடான கல்லில் மணம் எழும்வரை மட்டும் புரட்டுக. அரை நிமிடம் அசந்தால் கருகும், கருகினால் கசக்கும், கசந்தால் சர்க்கரை அதைச் சரிசெய்யும் என்று சொல்வாரை நம்பற்க. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பூண்டு, வெங்காயம், ஒரு சிட்டிகை சீரகம் சேர்த்து அரைத்து, வடிகட்டி, எண்ணெயில் ஊற்றிக் கொதிக்கவிடுக. வடிகட்டாதவன் மிளகாய்த் தோலைப் பல்லிடுக்கில் தேடுவான்.

டெக்சாஸ் மரபு வேறு. அங்கே நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் 1890களில் ஜெர்மானியக் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட் மிளகாயைப் பொடியாக்கி விற்றார். அத்தகைய பொடியோடு கொழுப்பில் வறுத்த கோதுமை மாவும் சீரகமும் சேர்ந்தால் 'சில்லி கிரேவி'. அதுவும் சாறே, பெயர் நிலைக்கும்.

2. அடையியல்

சுண்ணம் உண்ணாச் சோளம் சேராது;
சூடு காணா அடைசுரு ளாது.

உரை: மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துத் தண்ணீர் விட்டால் அது மாவாகப் பிசையவராது, மணலாக உதிரும். மெசோஅமெரிக்கர் இதற்குக் கண்ட வழி சுண்ணாம்பு. சோளத்தின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டால் தோல் கழன்று, மாவு பிசையவரும். இதற்கு நிக்ஸ்தமால் என்று பெயர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சுண்ணாம்பு படாத சோளத்தில் நியாசின் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும். விளைவாக ஸ்பெயினின் வடக்கிலும் இத்தாலியிலும், பின்னர் அமெரிக்கத் தெற்கிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது. சமையல் குறிப்பில் ஒரு வரி விடுபட்டதன் விலை அது.

சுண்ணாம்பு மாவைச் சேர்க்கும். ஆனால் கோதுமையின் இழுபடும் தன்மையைக் கொடுக்காது. சோளத்தில் குளூட்டன் இல்லை. ஆறிய டோர்ட்டியாவில் மாவுச்சத்து இறுகிக் கிடக்கும். பொட்டலத்திலிருந்து எடுத்த வேகத்தில் சுருட்டினால் நடுமுதுகில் பிளந்து, பழைய ஓலைச்சுவடி போல் கையில் இரண்டாக வரும். சூடு பட்டால் இறுக்கம் தளரும். ஆகவே ஒவ்வோர் அடையையும் சூடான எண்ணெயில் பக்கத்துக்குச் சில விநாடி போட்டெடுக்க வேண்டும். பொரிக்கக் கூடாது, பொரிந்தால் அப்பளம், அப்பளத்தைச் சுருட்டியவர் யாருமில்லை.

எண்ணெய்க்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. அடையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சாறு உள்ளே ஊறி அடையைக் கூழாக்குவதைத் தாமதப்படுத்தும். இந்த ஒரு படியைத்தான் நான் 'உடம்புக்கு நல்லது' என்று தவிர்த்திருந்தேன். பாயிரத்தில் கண்ட உப்புமாவின் ஊழ்வினை இதுவே எனத் தெளிக.

3. பொதியியல்

மிகுபொதி அடையின் விலாவைப் பிளக்கும்;
ஈரம் மிகினோ இடுப்பே இல்லை.

உரை: மாட்டிறைச்சி இந்தப் பண்டத்துக்குள் பிந்தி வந்த விருந்தாளி. 1521இல் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழும்வரை மெக்சிகோ நிலத்தில் மாடு இல்லை. வளர்த்து உண்டவை வான்கோழியும் நாயும். மாடில்லாத ஊரில் பாலேது, சீஸ் ஏது? ஆக 'சுட்ட மாட்டிறைச்சி என்ச்சிலாடா' என்று வீட்டில் நாம் சொல்லும் தொடரில் இறைச்சியும் அதன் மேல் உருகும் சீஸும் கப்பலில் வந்தவை, ஓவனும் வந்ததே. மண்ணுக்கு உரியவை அடையும் மிளகாயும். பெயர் யாரிடம் இருக்க வேண்டுமோ அவரிடமே இருக்கிறது என்பது இங்கும் பெறப்படும்.

கொத்துக்கறி அரைக் கிலோ. வெங்காயத்தோடு வதக்கி, ஊறிய நீர் முழுதும் சுண்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். கொத்துக்கறி எளிது, கழுத்துக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்து நார்நாராகப் பிரிப்பது சுவை. இரண்டில் எதுவாயினும் சாற்றில் இரண்டு கரண்டி சேர்த்துப் பிசிறினால் போதும். குழம்பாக்கினால் சுருளின் இரு முனையிலும் அது வெளியேறி, உள்ளே வெறுங்காற்று மிஞ்சும்.

அளவு: ஓர் அடைக்கு மூன்று மேசைக்கரண்டி. நான்காவது கரண்டி அன்பினால் வைப்பது, அன்பினாலேயே வெடிப்பது. அரசியலிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. வாட்டர்கேட் விவகாரம் முற்றிய 1973இல், அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் ஜான் எர்லிக்மன், முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செலைப் 'பெரிய என்ச்சிலாடா' என்று குறிப்பிட்டது ஒலிநாடாவில் பதிந்தது. இருவரும் பின்னர் சிறை சென்றனர். மிகுபொதி விலாவைப் பிளக்கும் என்ற விதிக்கு விலக்கில்லை.

4. அடுக்கியல்

எட்டு நெடுகின் இரண்டு குறுக்கே;
ஒட்டிய வாயைத் தட்டொடு சேர்க்க.

உரை: வீட்டு ஓவனுக்கென்று விற்கும் வழக்கமான தட்டு 13 அங்குல நீளம், 9 அங்குல அகலம், அதாவது 33 சென்டிமீட்டருக்கு 23. டோர்ட்டியாவின் விட்டம் 15. சுருட்டினால் கனம் ஏறக்குறைய 4. அகலவாக்கில் வைத்துக்கொண்டே போனால் எட்டில் தட்டு நிறையும். ஆனால் பக்கத்தில் 8 சென்டிமீட்டர் வெறும் பட்டை ஒன்று நீளநெடுக மிஞ்சும். அதில் இரண்டைத் தலையோடு தலையாகக் கிடத்தலாம். ஆக மொத்தம் பத்து. எந்த வடிவியல் நூலிலும் இல்லாத இந்த எட்டும் இரண்டும் என்ற தேற்றத்தை வீட்டுச் சமையலறைகள் தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றன.

குறுக்கே கிடப்பன இரண்டும் எப்போதும் கடைசியாகச் சுருட்டப்பட்டவை. அப்போது பொதி குறைந்திருக்கும், அடை ஆறியிருக்கும், சமைப்பவருக்கும் அலுப்பு வந்திருக்கும். ஆகவே அவை மெலிந்தும் வெடித்தும் இருக்கும். அவற்றைச் சமைத்தவரே உண்பது அறம்.

சுருளின் திறந்த விளிம்பு கீழே தட்டைத் தொட வேண்டும். தன் எடையே பூட்டு. பல்குத்தும் குச்சியால் தைப்போரும் உளர். அவர் குச்சியை எண்ணி எடுக்கக் கடவர்.

இங்கே ஒரு மறுப்பு: சுருட்டுவதனால்தானே வெடிப்பு? சுருட்டாமல் விட்டால் என்ன? நியூ மெக்சிகோவில் அதையே செய்கிறார்கள். அடை, சாறு, சீஸ், மறுபடி அடை என்று தட்டையாக அடுக்கி, உச்சியில் ஒரு பொரித்த முட்டையை வைப்பர். சான் லூயிஸ் பொடோசியிலோ மிளகாயை மாவிலேயே பிசைந்து, சோமாசி போல் மடித்துவிடுவர். மிளகாய் பட்டதால் அவையும் என்ச்சிலாடாவே. 'அப்படியென்றால் இந்நூலின் பெயர் சுருளியல் என்பது பிழையல்லவா?' எனின், பாயிரம் எழுதி முடித்த பின் தலைப்பை மாற்றும் வழக்கம் எம்மிடம் இல்லை என்பது விடை.

5. அடுப்பியல்

வெந்தவை மீண்டும் வேகவேண் டாவே;
உருக்கலும் ஒட்டலும் ஓவனின் தொழிலே.

உரை: மெக்சிகோவின் தெருவோரத்தில் ஓவன் கிடையாது. அடையைச் சாற்றில் தோய்த்து, சட்டியில் புரட்டி, பொதி வைத்து மடித்து, மேலே வெங்காயமும் உதிரும் வெள்ளைச் சீஸும் தூவித் தட்டில் வைப்பார்கள், அங்கேயே உண்பார்கள். எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டிய வீட்டுக்குத்தான் ஓவன் தேவைப்பட்டது. மெக்சிகோவிலும் பாலாடையும் சீஸும் போர்த்திச் சுடும் ஒருத்தி உண்டு. வெண்மை கண்டு அவளைச் 'சுவிஸ்காரி' என்பார்கள்: என்ச்சிலாடா சுயிசா.

தட்டுக்குள் போகும்போது அடை வெந்தது, கறி வெந்தது, சாறு கொதித்தது. வேக இனி எதுவும் இல்லை. 180 டிகிரியில் பதினைந்து முதல் இருபது நிமிடம். சீஸ் உருகி ஓரங்களில் குமிழிட்டால் முடிந்தது. 'இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டுமே' என்பது பருப்புக்குப் பொருந்தும். இங்கே அது கூழுக்கு வழி. சீஸில் உருகுவது வேறு, உதிர்வது வேறு. கொடிஹா உதிரும், சிவாவா உருகும். சிவாவாச் சீஸைச் செய்து பேர் வாங்கியவர்கள் 1922இல் கனடாவிலிருந்து மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் குடியேறிய மென்னோனைட் கிறித்தவர்கள்.

வெளியே எடுத்ததும் பரிமாறற்க. பத்து நிமிடம் ஆறினால் சாறு இறுகும். அகலக் கரண்டியை அடியில் செலுத்தினால் ஒன்று ஒன்றாக வரும். அவசரப்பட்டால் பாயிரத்துக்குத் திரும்புக.

புறனடை

கூறாதன கூறுவது புறனடையின் கடன். மெக்சிகோவில் 'என்ச்சிலாடா' என்ற சொல் தட்டோடு நிற்பதில்லை. காரம் ஏறி, நாக்கு எரிந்து, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதே சொல்தான். அவளும் மிளகாய் பட்டவள். இன்னொரு வழக்கும் உண்டு. ஒரு வேலை பார்ப்பதுபோல் எளிதல்ல என்று உணர்த்த, 'இது ஒன்றும் "இன்னொன்றை மிளகாயில் புரட்டிக் கொடு" என்பது போல இல்லை' என்பார்கள். கேட்பவர் ஒரு வாய்ச்சொல்லில் கேட்டுவிடலாம் என்பது குறிப்பு.

விதிப்படி இரண்டாம் முறை செய்தேன். எட்டும் முழுசாக வந்தன. பரீட்சகரான என் மனைவி ஒன்றை உண்டாள். பாதியில் முகம் சிவந்தது. தண்ணீருக்குக் கை நீட்டினாள். தண்ணீரில் மிளகாயின் காரச்சத்து கரையாது, பாலில் உள்ள கேசினே அதைப் பற்றி நீக்கும் என்று விளக்கியபடி தயிர்க் கிண்ணத்தை நகர்த்தினேன். மேசையின் இருபுறமும் அப்போது என்ச்சிலாடா இருந்தது: தட்டில் ஒன்று, நாற்காலியில் ஒன்று. நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டினாள்.

"இன்னொண்ணு வைங்க."

பிள்ளைகளும் விருந்தினரும் முந்திவிட்டிருந்தார்கள். தட்டில் மிஞ்சியவை குறுக்கே கிடந்த இரண்டுதான்.