திருவாதிரைக்கு எத்தனை பெயர்

மாசி பிறந்து, முதுகுளத்தூர்க் களங்களில் மிளகாய்ப் பழம் சிவக்கச் சிவக்கக் காயும் நாள்களில், காவலுக்கு என்று சொல்லிக்கொண்டு அப்பத்தாவோடு களத்திலேயே படுத்துக்கொண்ட இரவுகள் எங்கள் பக்கம் வளர்ந்த பலருக்கும் வாய்த்திருக்கும். மல்லாந்தால் உச்சந்தலைக்கு நேரே சிவந்து நிற்கும் திருவாதிரை. சற்றுத் தள்ளி ஆறாமீன். அது மேற்கே இறங்கினால் நடுச்சாமம் நெருங்கிவிட்டது என்பாள். அவளுக்குத் தெரிந்த வானப் பெயர்கள் கொஞ்சம்தான். அத்தனையும் வேலைக்கு ஆகும் பெயர்கள்.

அந்த ஆறாமீனுக்கு மெஸ்ஸியே என்ற பிரெஞ்சுக்காரர் 45 என்று எண் போட்டிருக்கிறார் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வால்மீன் தேடுகிறவர்களைக் குழப்பும் மங்கலான பொருள்களுக்காக அவர் போட்ட பட்டியல் அது. திருவாதிரையோ போகுமிடமெல்லாம் ஒரு பெயர் வாங்கியது: 1603இல் பாயர் வைத்தது ஓரியனின் ஆல்ஃபா, ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 39801, ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் பட்டியலில் 27989. எனக்கு இந்த எண்கள் மேல் அலாதிப் பிரியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ விழித்திருந்த இரவு இருக்கிறது. நம் நுங்கம்பாக்கத்திலேயே, 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில், விண்மீன் நடுக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக் குறித்து, டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களை 1844இல் பெரும் பட்டியலாக வெளியிட்டார். அதே ஆய்வகத்தில் ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இப்போது கையா விண்கலம் 2022இல் தந்த பட்டியலில் 180 கோடிக்கு மேல். கைபேசியை உயர்த்தினால் பெயர் தானே வந்து நிற்கிறது. உயர்கோபுர விளக்கு வெளிச்சத்தில் ஆறாமீன்தான் தெரிவதில்லை. இதைவிட வேடிக்கை, அந்த 180 கோடியில் திருவாதிரை இல்லை. அவ்வளவு பிரகாசத்தைக் கையாவின் நுண்ணிய கண் தாங்கவில்லை.

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரி வரை மங்கிக்கொண்டே போனபோது, பக்கத்து ரோகிணியோடு ஒப்பிட்டு வெறுங்கண்ணாலேயே எத்தனையோ பேர் அதைக் குறித்துவைத்தார்கள். அது கக்கிய தூசி மறைத்ததே காரணம் என்று பின்னால் தெரிந்தது. சரியாக அந்த மார்கழியில்தான் உத்தரகோசமங்கையில், வழக்கம்போல, மரகத நடராசருக்குச் சந்தனம் களைந்து, திருவாதிரை நாளுக்குரிய ஆருத்ரா தரிசனமும் நடந்தது. அடுத்த மார்கழியில் போகிறவர்கள் ஊர் வெளிச்சம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் கிழக்கே பாருங்கள். பிள்ளைகளுக்கு ரோகிணியையும் சேர்த்துக் காட்டுங்கள்.