அதுக்கும் ஒரு அட்டவணை இருக்கு

தம்பி புத்தகத்தை மேசையில் வைத்த வேகத்தில் காபிக் கோப்பை குதித்தது. 412 பக்கம். அட்டையில் கல்லறையைப் பிளந்துகொண்டு எழும் ஒரு பிணம், இரண்டு கையிலும் துப்பாக்கி. உள்ளே அமெரிக்க மேற்கு, அதில் பேய், சாபம், நீராவியில் ஓடும் இயந்திரச் சிலந்தி. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு துப்பாக்கி வீரனாகப் பேசி, பகடை உருட்டி ஆடவேண்டிய விளையாட்டு. ஆடிப் பார்க்கத்தான் இன்னும் யாரும் கிடைக்கவில்லை. பணம் வந்துவிட்டது. இணையத்தில் முன்பணம் திரட்டி, தோட்டா வடிவத்தில் பித்தளைப் பகடை தருவதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

எதிரே அம்மாள். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி விளையாட்டுகள் பிறந்த நாளிலிருந்து பகடை உருட்டுகிறவர்.

"ஒரு துப்பாக்கிச் சண்டை ஆடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"மூன்றரை மணி நேரம்மா. காத்து எந்தப் பக்கம், வெயில் கண்ணுல அடிக்குதா, குதிரை தும்முதா, எல்லாத்துக்கும் அட்டவணை இருக்கு."

"எங்க டூம்ஸ்டோன் சண்டையைக் கேள்விப்பட்டிருப்பியே. 1881 அக்டோபர் 26. ஓ.கே. கொரால் சண்டைன்னு பேரு. நடந்தது கொரால்ங்கற அந்தக் குதிரைப் பட்டிக்குள்ள கூட இல்ல, பக்கத்துத் தெருவோரத்துக் காலி மனையில. சுமார் 30 வினாடி, சுமார் 30 குண்டு, மூணு சாவு. அதை மூன்றரை மணி நேரம் ஆடினா, செத்தவனே அலுத்துப்போய் எழுந்து வீட்டுக்குப் போயிடுவான்."

"அதுக்கும் ஒரு அட்டவணை இருக்கும்மா. பக்கம் 211, 'செத்தவன் எழுந்திருத்தல்.'"

அம்மாள் காபியை ஒரு வாய் குடித்தார்.

"அந்தச் சண்டை எதுல ஆரம்பிச்சுது தெரியுமா? ஊருக்குள்ள ஆயுதத்தோட நடமாடக் கூடாதுன்னு நகராட்சி சட்டம் போட்டிருந்தது. அதைச் சொல்லித்தான் போலீஸ் போனாங்க. துப்பாக்கியை ஒப்படைக்க அட்டவணை வச்சிருக்கியா?"

"ஒப்படைச்சுட்டா அப்புறம் எதைம்மா சுடறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் நிஜ மேற்கில் சாவு அவ்வளவு மலிவாக இல்லை. கன்சாஸ் மாட்டுச் சந்தை ஊர்கள் ஐந்தில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ராபர்ட் டிக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். 45 தேறியது. தம்பியின் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே 61 பேர் போய்விடுகிறார்கள். அதில் மூன்று பேர் இரண்டு தடவை.

"உன் வீரன் துப்பாக்கியில எத்தனை குண்டு?"

"ஆறு."

"அஞ்சு. 1873 மாடல் கோல்ட் ரிவால்வர்ல, சுத்தியலுக்கு நேரே இருக்கற அறையைக் காலியா விட்டுட்டுத்தான் விவரம் தெரிஞ்சவன் இடுப்புல கட்டுவான். இல்லேன்னா துப்பாக்கி கைதவறி விழுந்தா அவன் காலையே பதம் பாத்துடும். அப்புறம் புகை. அது கருமருந்துக் காலம். நாலு குண்டு வெடிச்சா எதிரே நிக்கறவன் மூஞ்சி தெரியாது. 'சுடச் சுடக் குறி மங்கும்'னு ஒரே வரி எழுதிட்டா முடிஞ்சுது."

"ஒரு வரியா?" தம்பி முகத்தில் நிஜமான துயரம். "காத்து அட்டவணையில புகைக்கு ஒன்பது பத்தி ஒதுக்கியிருக்கேன்."

இங்கே அம்மாள் பக்கம்தான் நியாயம். 1975-இல் வந்த பூட் ஹில் என்ற இதே வகை விளையாட்டு ஒரு மெலிந்த புத்தகம். துப்பாக்கி என்றால் சாவு, அதுவும் சட்டென்று என்பதை அது ஆடுகிறவனுக்கு முதல் சண்டையிலேயே புரியவைத்துவிடும். பேயையும் மேற்கையும் கலந்த டெட்லேண்ட்ஸ் என்ற விளையாட்டு 1996-இல் வந்தது. அதில் மந்திரவாதி பிசாசோடு போக்கர் ஆடுகிறான். கையில் சேர்ந்த சீட்டு எவ்வளவு உசத்தியோ அவ்வளவு பலம் மந்திரத்துக்கு. காலம், சூது, பயம் மூன்றும் ஒரு சீட்டுக்கட்டில் அடங்கிவிட்டன.

"சரி, விநோதத்துக்கு வருவோம். சிலந்தி எதுக்கு?"

"மேற்குல விநோதம் போதலைம்மா."

"போதலையா! 1911-ல எல்மர் மெக்கர்டின்னு ஒரு ரயில் கொள்ளைக்காரனை ஓக்லஹோமாவுல சுட்டாங்க. பிணத்தைக் கேட்டு யாரும் வரலை. பதப்படுத்தினவரே காசு வாங்கிட்டு வேடிக்கை காட்டினார். அப்புறம் அது காட்சிக்காரங்க கையில ஊர் ஊரா அலைஞ்சுது. கடைசியில பொம்மைன்னே நினைச்சு லாங் பீச்ல ஒரு பேய்வீட்டுல தொங்கவிட்டிருந்தாங்க. 1976-ல அங்க படம்பிடிக்க வந்த ஆளு நகர்த்தப் பார்த்தான். கை ஒடிஞ்சு வந்துது, உள்ளே எலும்பு! செத்து 65 வருஷம் வேலை பாத்தவன் தம்பி அவன். இதுக்கு மேல உன் அட்டவணை என்ன செய்யும்?"

தம்பி குறித்துக்கொண்டான். எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று பென்சில் திணறியது.

பிறகு அம்மாள் வரைபடத்தை விரித்தார். டூம்ஸ்டோனைச் சுற்றி வெள்ளைத் தாள்.

"இதென்ன?"

"காலி நிலம்மா. பேய் உலாவும்."

"யாரோட பேய்?"

"அது வந்து... பழைய சாபம்."

அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். பகடி நின்றுவிட்டது.

"காலி நிலமா? அது சிரிகாவா அப்பாச்சிகளோட பூமி. 1886-ல அவங்க போர்த் தலைவன் ஜெரோனிமோ சரணடைஞ்சதும் அந்த ஜனத்தையே ரயில்ல ஏத்திப் புளோரிடாவுக்கு அனுப்பினாங்க. ராணுவத்துக்குத் தடம் பாத்துக் கொடுத்த அப்பாச்சி ஆட்களையும் விடலை, அவங்களும் கைதிதான். 27 வருஷம் போர்க்கைதி! பிறந்த குழந்தைகூடக் கைதியாப் பிறந்துது. ஜெரோனிமோ சரணடைஞ்சதுக்கு முந்தின வருஷம் வயோமிங்ல, ராக் ஸ்பிரிங்ஸ்ல, சீனச் சுரங்கத் தொழிலாளிங்க குறைஞ்சது 28 பேரைக் கொன்னு, வீடுகளைக் கொளுத்தினாங்க. ஒருத்தனுக்கும் தண்டனை கிடையாது. கொன்னவன் பேயில்ல தம்பி, கூட வேலை பாத்தவன். அந்த ஆளை மறைக்கத்தான் நீ கல்லறையிலேர்ந்து பிணத்தை எழுப்பிட்டிருக்கே. குதிரை தும்மினா அட்டவணை வச்சிருக்கியே, இதுக்கு எங்கே?"

தம்பி பக்கங்களைப் புரட்டினான். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.

"இருக்கும்மா," என்றான் மெல்ல. "முன்பணம் அடுத்த இலக்கைத் தொட்டா, அவங்களைத் தனியா ஒரு துணைப் புத்தகமாப் போடறோம்னு அறிவிச்சிருக்கோம்."

"தொடலேன்னா?"

"பகடை நிறத்தை மாத்தித் தர்றோம்னு..."

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரிக்காகக் கொண்டு வந்த பித்தளைத் தோட்டாப் பகடையை எடுத்து உருட்டினார். உருளை வடிவமாயிற்றே, அது எங்கே நிற்கும்? மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

தம்பி குனிந்து தேடவில்லை. புத்தகத்தை மறுபடி திறந்தான்.

"பகடை மேசையை விட்டு விழுந்தா... இருங்கம்மா, பக்கம் 388-னு நினைக்கிறேன்."