ஜாக்கியைக் காக்கும் கலை

கேரளத்தின் இருபத்தெட்டு என்னும் சீட்டாட்டத்தில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1 எனப் புள்ளிகள் நான்கு இனங்களிலும் சேர்ந்து 28 ஆவதால், முதல் நான்கு சீட்டிலேயே ஓரினத்தின் ஜாக்கியும் ஒன்பதும் ஆஸும் வாய்த்தவர் 'பாஸ்' என்று ஒதுங்குவதே உயர்பண்பாடு. கேள்வி, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்னும் உறுதி, தோற்கக்கூடியது. பாஸோ ஒருநாளும் தோற்றதில்லை. இவ்வாறு நல்ல சீட்டால் நேர்ந்த இடையூறு நீங்கவேண்டி, இந்நெறியில் முதிர்ந்தவர் பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைக்க நேர்ந்துகொள்வார்; அதற்குள் எதிரணி வேறோர் இனத்தைத் துருப்பாக்கி, அவர் பொத்திக்காத்த ஜாக்கியை வெறும் ஏழால் வெட்டிச் சென்றிருக்கும். மறுநாள் அதே சன்னிதியில் எதிரணியினரும் தேங்காய் உடைப்பர், அவருடைய நீண்ட ஆயுளை வேண்டி.