மறுபிறவி கேட்கும் மனிதர்

கலிபோர்னியாவின் கடலோர ஊரான என்சினிட்டாஸில் இவரைப் பார்க்கலாம். தோளில் சுருட்டிய யோகா பாய், கையில் டர்மெரிக் லாட்டே. அதாவது மஞ்சள் பால். இருமலோ சளியோ இல்லாமல், அதுவும் காசு கொடுத்து அதைக் குடிக்கிற இனம் இது.

மதம் என்னவென்று கேட்டால் முகம் சுளிப்பார். “மதமெல்லாம் இல்லை, ஆன்மிகம் உண்டு.” சர்ச்சுக்குப் போவது அப்பா காலத்தோடு சரி. ஞாயிறு காலை யோகா வகுப்பு. ஐந்து நிமிடம் தாமதமானால் அப்பாவைப் போலவே பதறுவார்.

ஊரும் வாகான ஊர்தான். 1920இல் பாஸ்டனில் வந்திறங்கிய பரமஹம்ச யோகானந்தர், தம் சுயசரிதையின் பெரும்பகுதியை எழுதியது இங்குள்ள ஆசிரமத்தில். அது 1946இல் வெளியானது. ஆசிரமத்துக்குக் கீழே அலைச்சறுக்குக்குப் பேர்போன கடற்கரை. அதற்குப் பெயரே ‘சுவாமிஸ்’. நம்மவர் அடிக்கடி ‘சுவாமிஸ்’ போய்வருவார், சறுக்குப் பலகையோடு. மேலே ஏறிப் பார்த்தாரா என்று கேட்கக் கூடாது.

காலையில் பத்து நிமிடம் போனில் தியானம். 1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் புத்தரை மரியாதையாகத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, தியானத்தை மட்டும் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளிக்குள் அழைத்துப்போய் எட்டு வாரப் பயிற்சியாக்கினார். புத்தர் ஆசையை விடச் சொன்னார். நம்மவர் தியானத்தில் உட்காருவது பதவி உயர்வு நேர்காணலுக்கு முன்னால்.

கர்மாவில் அசையாத நம்பிக்கை. குறுக்கே பாய்ந்த காரை அடுத்த திருப்பத்தில் போலீஸ் மடக்கினால், “கர்மா!” தனக்கு அபராதச் சீட்டு வந்தால் மட்டும் அது நகராட்சியின் பகல்கொள்ளை.

மறுபிறவியும் உண்டு. 2009இல் பியூ ஆய்வு மையம் விசாரித்தபோது அமெரிக்கர்களில் 24 சதவீதம் பேர் அதை நம்புவதாகச் சொன்னார்கள். காரைக்கால் அம்மையார் சிவனிடம் கேட்டது பிறவாமை. இவருக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. அடுத்த பிறவியிலும் இதே கடற்கரை, தலையில் இன்னும் கொஞ்சம் முடி, அவ்வளவு போதும்.

இதே ஊர்ப் பள்ளிகளில் யோகா வகுப்பு தொடங்கியபோது, அது இந்து மதத்தைப் பரப்புகிறது என்று ஒரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2013இல் நீதிபதி பள்ளிப் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. நம்மவருக்குப் பரம சந்தோஷம், “வெறும் உடற்பயிற்சிதானே, இதற்குப்போய்…” என்றார். ஊரிலேயே யோகாவை அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொண்டவர்கள் அந்த வழக்குப் போட்ட பெற்றோர்தான்போல.