என் வீட்டை மட்டம்தட்டும் மாதம்

மதிப்புக்குரிய மதிப்பீட்டு அலுவலகத்தாருக்கு,

ஏப்ரலில் உங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டின் விலை எகிறிவிட்டது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளேயே குடியிருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. உங்கள் ஆள் யாரும் வாசல் மிதித்ததாகவும் நினைவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் பதில் சொல்லி அனுப்புவார்கள்.

டெக்சாஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று அரசுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியும் நீங்கள் டாலர் சுத்தமாக விலை சொல்கிறீர்கள். ஞானதிருஷ்டிதான்.

போன் போட்டுக் கேட்டேன். "வரியை நாங்கள் போடுவதில்லை, மதிப்பு மட்டும்தான்" என்றீர்கள். வரி போடும் பள்ளி மாவட்டத்தைக் கேட்டால், "விகிதத்தை நாங்கள் ஏற்றவே இல்லையே" என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. யாருமே ஏற்றாமல் தானாக ஏறுகிற வரி இது. மாநில வருமான வரி இல்லாத ஊர் என்று ஆசைகாட்டி என்னை இங்கே வரவழைத்த நண்பர் இதைச் சொல்ல மறந்துவிட்டார்.

சரி, மே 15க்குள் ஆட்சேபணை கொடுத்தேன். வருடம் முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் வீட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறவன், உங்களுக்காக அதை வாய் கூசாமல் திட்டக் கற்றுக்கொண்டேன். உங்கள் பதிவேட்டில் மூன்று முழுக் குளியலறைகள். என்னிடம் இருப்பது இரண்டரை. அந்த அரையில் குளிக்க ஆசைப்பட்டால் கைகழுவும் தொட்டியில்தான் ஏறி உட்கார வேண்டும். நீங்கள் ஒப்பிட்டுக் காட்டிய வீட்டுக்கு நீச்சல் குளம் உண்டு. எங்கள் கொல்லையில் இருப்பது கறிவேப்பிலைத் தொட்டி. குளிர் வந்தால் அதையும் உள்ளே தூக்கிவர வேண்டும்.

ஆட்சேபணையை விசாரித்த மறுஆய்வுக் குழுவில் மூன்று பேர். பின்கதவு ஓரத்து விரிசலின் படத்தை நீட்டினேன். இங்குள்ள களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். நடுவில் அகப்பட்ட அஸ்திவாரம் என்ன செய்யும்? அகலம் தெரியட்டும் என்று 25 சென்ட் காசு ஒன்றைச் செருகிப் படமெடுத்திருந்தேன். படமெடுத்த கையோடு காசு உள்ளே விழுந்துவிட்டது. அதையும் சேர்த்து மதிப்புப் போட்டுவிடாதீர்கள்.

குழுவினர் நல்லவர்கள். பொறுமையாகக் கேட்டார்கள், சந்தை மதிப்பைக் குறைத்தார்கள். வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்து, ஜெயித்துவிட்டோம் என்றேன். பிறகுதான் கணக்கு விளங்கியது. குடியிருக்கும் வீட்டுக்கு, வரிக்கான மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பில் நின்ற தொகை, குழு குறைத்துத் தந்த விலையையும்விடக் கீழேதான் இருந்தது. ஆகவே வரியில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அன்று விடுப்பு எடுத்ததில் ஒரு நாள் சம்பளம் போனது தனி.

விரிசலை அடைக்க ஆள் பேசிவிட்டாள் மனைவி. டிசம்பரில் வருகிறேன் என்றாராம். பொங்கல் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஜனவரி 1 அன்று வீடு எந்த நிலையில் இருக்கிறதோ அதுதானே உங்களுக்குக் கணக்கு.

இப்படிக்கு,
இரண்டரைக் குளியலறைக்காரன்