எழுத்தறியா நாயகர்கள்: ‘ரக்ராட்ஸ்’ நாளிதழ்ப் படக்கதை குறித்து ஓர் ஆய்வு

நாளிதழ்ப் படக்கதையின் நாயகனுக்கு நாளிதழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்னும் வினாவை அறிஞருலகம் எழுப்பியதாகத் தெரியவில்லை. அக்குறை தீர்க்கவே இவ்வாய்வு. அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 1991இல் தொடங்கிய ‘ரக்ராட்ஸ்’ கார்ட்டூனை ஒட்டி, கிரியேட்டர்ஸ் சிண்டிகேட் 1998 முதல் நாளிதழ்களுக்கு வழங்கிய படக்கதையே நம் சான்று. ஐந்தாண்டில் நின்றுபோனது. ஐந்தாண்டு குறைவோ எனின், ‘பீனட்ஸ்’ என்னும் படக்கதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஓடியது என்க.

நாயகன் டாமி பிக்கிள்ஸ், வயது ஒன்று. டயப்பருக்குள் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பான் (குத்தாதா என்பது தனி ஆய்வுக்குரியது). தோழன் சக்கிக்கு வயது இரண்டு. கண்ணாடி போட்டவன், எதைக் கண்டாலும் பயம். குழந்தைகள் தங்களுக்குள் சரளமாகப் பேசிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கோ ஒரு சொல்லும் விளங்காது. மூன்று வயது ஏஞ்சலிகாவோ இரு தரப்புக்கும் துபாஷி. அப்பதவியை அவள் பயன்படுத்திய விதம், துபாஷிகளின் வரலாறு அறிந்தோருக்கு வியப்பளிக்காது.

திரையில் உறுத்தாத இந்த ஏற்பாடு தாளில் சிக்கலாகிறது. பேச்சுக் குமிழிக்குள் வந்துவிட்டால் எழுத்து எழுத்துதான். டாமியின் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் இருப்பது பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போகும்? எம் முடிபு: வீட்டில் யார் தலைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாக்கள் பொதுவாக அண்ணாந்து பார்ப்பதில்லை.

அடுத்தது உயரம். திரையில் கேமரா குழந்தையோடு தவழும். சோஃபா மலையாக எழும். நாளிதழ்க் கட்டமோ தீப்பெட்டி அளவு. மலையை அதற்குள் அடைத்தால் மறுபடி சோஃபாவாகிவிடும். கட்டங்கள் இப்படிச் சுருங்குவதை எதிர்த்து மல்லுக்கட்டியவர், கால்வின் என்னும் சிறுவனின் படக்கதையை வரைந்த பில் வாட்டர்சன். தம் கால்வினைப் பொம்மையாக விற்கவும் மறுத்து, 1995 கடைசியில் படக்கதையையே நிறுத்திக்கொண்டார். தாளை விட்டு வெளியே வர மறுத்தவன் கால்வின். வெளியே புகழ் பெற்றுவிட்டுத் தாளுக்குள் வந்தவன் டாமி.

ஆனால் அந்தப் புகழைத் தந்த ரசிகர்களில் பலருக்கு அப்போது எழுத்துக்கூட்டவே வராது. அப்பா படித்துக் காட்டலாமே எனின், அற்றன்று. குழந்தைகள் பேசுவது பெரியவர்களுக்குப் புரியாது என்பதே கதையின் ஆதார விதி. படித்துக் காட்டும் அப்பா அதைத் தம் வாயாலேயே மீறுகிறார்.

2003இல் டாமி கூட்டத்துக்குப் பத்து வயது கூட்டி ‘ஆல் க்ரோன் அப்’ என்றொரு தொடர் வந்தது. நாளிதழ் படிக்கும் வயது. படக்கதை நின்றதும் அதே ஆண்டில்தான்.